பத்து மீட்டர் ஏர் ரைஃபிள்: பெல்லட், சிலிண்டர், தராசு – கேளுங்கள், சொல்கிறேன்

ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் ஆளுக்கொரு கேள்வியோடு என்னைப் பிடித்துக்கொள்வதால் என் பயிற்சி போகிறது. புதுச்சேரி, கடலூர் நண்பர்கள் அனுப்பியதற்கெல்லாம் இங்கேயே பதில்.

மஞ்சக்குப்பம்: மகளுக்கு மேட்ச் ரைஃபிள் வாங்கியாச்சு. எந்த பெல்லட் பெஸ்ட்?

பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டில் பெஸ்ட் என்று ஒன்று கிடையாது சார், உங்கள் பேரலுக்கு, அதாவது ரைஃபிள் குழலுக்கு, பிடித்தது என்றுதான் உண்டு. ரைஃபிளுக்கு வழக்கமாக 0.53 கிராம், தட்டைத் தலை, பேப்பரில் சுத்தமாக வட்டம் வெட்டும். தலை அளவு 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று டப்பாவிலேயே ஒட்டியிருக்கும். நாலைந்து வகையில் ஒவ்வொரு டப்பா வாங்கி, ரைஃபிளை மணல் மூட்டைமேல் அசையாமல் வைத்து, வகைக்குப் பத்து சுடுங்கள். எதில் துளைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறதோ, அதே லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) எண்ணில் சீசனுக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கிவிடுங்கள். அதே கம்பெனி, அதே அளவு, லாட் மட்டும் வேறு என்றாலும் கதை மாறலாம். ஒருமுறை நான் லாட் மாறியதைக் கவனிக்காமல் ஒரு மாதம் என் மூச்சையும் ட்ரிகரையும் திருத்திக்கொண்டிருந்தேன். அப்புறம், சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். அது ஈயம்.

முத்தியால்பேட்டை: வெளிநாட்டு வீடியோக்களில் சுட்ட கூட்டிலேயே மருந்தும் குண்டும் மறுபடி நிரப்பி வீட்டிலேயே தோட்டா ரீலோட் செய்கிறார்களே, .22 ரைஃபிள் தோட்டாவுக்கு எந்த பிரஸ் வாங்கலாம்?

எதுவும் வாங்க வேண்டாம் தம்பி. .22 ரிம்ஃபயரில் பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள் இருக்கிறது, ஊசி அடித்து விளிம்பு நசுங்கியதும் அந்தக் கூட்டின் கதை முடிந்தது. நீங்கள் பார்த்தது சென்டர்ஃபயர், பற்றவைக்கும் மருந்து கூட்டின் அடி நடுவில் இருக்கும் வகை, 300 மீட்டர் மாதிரியான போட்டிகளுக்கு. இங்கே தோட்டா தயாரிக்க 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும், வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலையில்லை. .22 சுடுகிறவர்களும் நாம் செய்வதைத்தான் செய்கிறார்கள்: லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து வாங்குகிறார்கள்.

அரியாங்குப்பம்: ஸ்கூபா டைவிங் தொட்டியிலிருந்து ரைஃபிள் சிலிண்டருக்குக் காற்று நிரப்பலாமா?

தாராளமாக. உலர்ந்த, வடிகட்டிய காற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அடாப்டர் சரியாகப் பொருந்த வேண்டும், வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். உங்கள் சிலிண்டர் 200 பார் அழுத்தத்துக்கா 300 பார் அழுத்தத்துக்கா என்று அதன் மேலேயே பொறித்திருக்கும், தேதியும் இருக்கும். காலாவதியானால் போட்டியிலும் விடமாட்டார்கள். ஆஸ்பத்திரி ஆக்சிஜன் சிலிண்டரைத் தொடவே கூடாது. அழுத்தத்தில் ஆக்சிஜனோடு துளி எண்ணெய்ப் பசை சேர்ந்தாலும் வெடிக்கும்.

திருப்பாதிரிப்புலியூர்: பெல்லட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

கடற்காற்று. அந்த டப்பாவைப் போட்டிக்கு எடுக்காதீர்கள், புது டப்பாவை இறுக்கி மூடி வையுங்கள். கை கழுவுங்கள்.

லாஸ்பேட்டை: நான் தராசு வாங்கி ஒவ்வொரு பெல்லட்டையும் எடைபோட்டுப் பிரிக்கிறேன். நீங்கள் அதைப்பற்றிப் பேசவே இல்லையே?

பேசினால் சண்டை வரும் என்றுதான். சரி, கணக்குப் போடுவோம். விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் பெல்லட் பத்து மீட்டர் போக ஏறக்குறைய 0.06 விநாடி ஆகும். அதற்குள் சுமார் 17 மில்லிமீட்டர் கீழே இறங்கும். எடை ஒரு சதவீதம், அதாவது 5 மில்லிகிராம் கூடினால், வேகம் அரை சதவீதம் குறையும், இறக்கம் 0.17 மில்லிமீட்டர் மாறும். டார்கெட்டில் வளையத்துக்கு வளையம் 2.5 மில்லிமீட்டர், தசமப் புள்ளி ஒன்றுக்கு 0.25. ஆக, 10.5 புள்ளி வர வேண்டிய குண்டு 10.4 ஆகக்கூடக் குறையாமல் போகலாம். இதற்காக ராத்திரி முழுக்க உட்காருவதா?

லாஸ்பேட்டை, மறுபடி: போட்டியின் 60 குண்டில் அதுவும் சேருமே!

எல்லாக் குண்டும் ஒரே பக்கம் தப்பினால்தானே சேரும்? இருக்கட்டும், உங்கள் தராசு குறைந்தது எத்தனை மில்லிகிராம் வித்தியாசத்தைக் காட்டும்?

லாஸ்பேட்டை: பத்து.

ஐந்து மில்லிகிராம் வித்தியாசத்தைப் பத்து மில்லிகிராம் தராசில் பிரிக்கிறீர்கள். நகைக்கடைக்காரர் பார்த்தால் அழுதுவிடுவார். பெல்லட்டின் பின்பக்க விளிம்பு, அதாவது பாவாடை, நசுங்கியதையும் பிசிறு உள்ளதையும் கண்ணால் பார்த்துத் தள்ளுங்கள், அதற்கு நிஜமான பலன் உண்டு.

கடலூர் ஓ.டி.: இளவேனில் வாலறிவன் நம்ம ஊர்தானே, அவர் என்ன பெல்லட் போடுகிறார்?

பிறந்தது கடலூர், வளர்ந்தது அகமதாபாத். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் சுட்டவர். அவர் பேரல் உங்களிடம் இல்லை, அதனால் அவர் பெல்லட் உங்களுக்கு எதற்கு?

நெல்லிக்குப்பம்: எந்த பெல்லட் பெஸ்ட்?

மேலே முதல் பதில்.

வில்லியனூர்: ஆர்டபிள்யூஎஸ்ஸா, ஜேஎஸ்பியா, எது பெஸ்ட்?

மேலே முதல் பதில். இரண்டிலும் ஒவ்வொரு டப்பா.

லாஸ்பேட்டை: நான் ஒத்துக்கொள்ளவில்லை.

தெரியும். எடைபோட்டதில் பத்து, போடாததில் பத்து, மணல் மூட்டையில் வைத்துச் சுட்டு, இரண்டு பேப்பரையும் எதுவும் எழுதாமல் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள். எது எதுவென்று நான் சொல்லப் பார்க்கிறேன். சரியாகச் சொல்லிவிட்டால் டீ என் செலவு, தராசும் நான் ஒன்று வாங்கிக்கொள்கிறேன்.