வீட்டில் வைத்திருக்கும் மெயில் சர்வரிலிருந்து அனுப்புவதெல்லாம் ஸ்பாமில் விழுகிறது. எஸ்பிஎஃப் (என் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகேஐஎம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து) போட்டாயிற்று, வேறு எங்கே பார்ப்பது?

அதெல்லாம் போட்டுவிட்டீர்கள் என்றால் கோளாறு பெரும்பாலும் உங்கள் ஐபியில், அதாவது இணையத்தில் உங்கள் இணைப்புக்கான எண் முகவரியில்தான். வீட்டு இணைப்புகளுக்குக் கொடுக்கும் ஐபிக்களை ஸ்பாமைத் தடுக்கப் பட்டியல் போடும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் பிபிஎல் (நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத ஐபிக்கள்) பட்டியலில் மொத்தமாகவே சேர்த்து வைத்திருப்பார்கள். நீங்கள் ஸ்பாம் அனுப்பினீர்களா இல்லையா என்ற பேச்சே அங்கே கிடையாது. முதலில் உங்கள் ஐபியை அங்கே தேடிப் பாருங்கள்.

நான் பெங்களூரு பி.டி.எம். லேஅவுட்டில் இருக்கிறேன். மாதாமாதம் கூடுதல் காசு கொடுத்து ஸ்டாட்டிக் (மாறாத) ஐபி வாங்கியும் இதே கதைதான். ஐபியைக் கேட்டால் பெயரைச் சொல்ல வேண்டிய பிடிஆர் பதிவு என் டொமைனைச் சொல்லாமல், எண்களைக் கோடு போட்டுக் கோத்த ஏதோ ஒரு பெயரைச் சொன்னது. அதை நம் டொமைனின் டிஎன்எஸ் (பெயர்-ஐபி பதிவுகள்) பக்கத்தில் மாற்ற முடியாது, ஐபியைக் கொடுத்த நிறுவனம்தான் மாற்ற வேண்டும். கஸ்டமர் கேரில் கேட்டால் "சார், ரூட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க". பிடிஆர் என்றால் "பேமென்ட் பிரச்சனையா சார்?" கடைசியில் கம்பத்தில் ஏறி ஃபைபர் இழுக்கிற பையன்தான் உள்ளே இருக்கும் நெட்வொர்க் ஆளின் நம்பரைக் கொடுத்தான், அவர் அன்று மாலையே மாற்றிக் கொடுத்துவிட்டார். பிடிஆர் சொல்லும் பெயர், அந்தப் பெயரின் ஏ ரெக்கார்டு (பெயருக்கு ஐபி சொல்லும் பதிவு) காட்டும் ஐபி, சர்வர் ஹெலோவில் (மறுமுனையிடம் தன்னை அறிமுகப்படுத்தும்போது) சொல்லும் பெயர் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். அப்புறம் ஸ்பாம்ஹாஸ் தளத்திலேயே பிபிஎல்லிலிருந்து எடுக்கக் கேட்டேன்.

அதற்குப் பிறகும் சிலது ஸ்பாமுக்குப் போயின. ஜிமெயிலில் விழுந்த ஒன்றைத் திறந்து 'ஷோ ஒரிஜினல்' அழுத்தினால் எஸ்பிஎஃப் 'சாஃப்ட்ஃபெயில்' (பட்டியலில் இல்லை, சந்தேகம்தான் என்று பொருள்), பக்கத்தில் நீளமாக ஒரு ஐபிவி6 (ஐபியின் புது வகை) முகவரி! ரூட்டர் அப்டேட்டில் அது தானாக ஆன் ஆகியிருக்கிறது. அதற்கு எஸ்பிஎஃப்பும் இல்லை, பிடிஆரும் இல்லை. என் மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸைப் பழைய வகையான ஐபிவி4 வழியாக மட்டும் போகச் சொன்னதும் தொல்லை நின்றது.

இதற்குள் பழைய வீட்டைக் காலி செய்கிறேன் என்று ஓனருக்கு அனுப்பிய மெயிலும் ஸ்பாமில் போய் உட்கார்ந்துவிட்டது. நோட்டீஸே வரவில்லை என்று ஒரு மாத வாடகையைப் பிடித்தார்.

"ஜிமெயில் இருக்க இதெல்லாம் எதற்கு" என்று வரப்போகிறவர்களுக்கு: கேள்வி அதுவல்ல. பிடிஆர் பற்றி நான் மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் 2024 பிப்ரவரியில் அமலுக்கு வந்த கூகுள் விதிகளைப் படிக்கட்டும், கொஞ்சமாக மெயில் அனுப்புகிறவருக்கும் பிடிஆர் கட்டாயம்.

ஸ்டாட்டிக் ஐபி இல்லை, அல்லது போர்ட் 25-ஐ (சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் அனுப்பும் வழி) அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றால் முட்டி மோதாதீர்கள். வெளியே போவதை மட்டும் ஏதாவது ரிலே சேவை (நம் மெயிலை வாங்கி நமக்காக அனுப்பிவைப்பவர்கள்) வழியாக போர்ட் 587-ல் அனுப்புங்கள், அவர்களையும் எஸ்பிஎஃப்பில் சேர்த்துவிடுங்கள்.