விற்கும் முன் அக்வாவின் பற்றரியை மாற்றலாமா?

கேள்வி: வவுனியாவில் ஆசிரியராக இருக்கிறேன். 2014 டொயோட்டா அக்வா ஹைபிரிட் கார் (பெற்றோலிலும் பெரிய பற்றரியின் மின்சாரத்திலும் ஓடுவது), 152,000 கிலோமீற்றர் ஓடியது, இன்னும் முதல் பற்றரிதான். முன்பு லீற்றருக்கு 20 கிலோமீற்றர் கிடைத்தது, இப்போது 16தான். மகளின் படிப்புச் செலவுக்காகத் தைப்பொங்கலுக்குப் பிறகு, அதாவது இன்னும் நான்கு மாதத்தில், விற்க நினைக்கிறேன். இப்படியே விற்றால் 62 இலட்சம், புதுப் பற்றரி போட்டால் 66, எச்சரிக்கை விளக்கு எரிந்துவிட்டால் 54க்கு மேல் யாரும் தரமாட்டார்கள் என்கிறார் புரோக்கர். புதுப் பற்றரி 520,000 ரூபா. நகையை அடகு வைக்கலாமா? 170,000க்கு ரீபில்ட் பற்றரி (பழையதைச் சீர்செய்தது) போட்டுவிட்டு "புதுசு" என்று சொல்லி விற்கச் சொல்கிறார் மச்சான்.

பதில்: உங்கள் புரோக்கரை வைத்தே கணக்குப் பார்ப்போம். 520,000 போட்டால் 4 இலட்சம் கூடக் கிடைக்கும். 120,000 கையை விட்டுப் போகும். அதற்கு மேல் அடகு வட்டி, வட்டி ஏறும் ஒவ்வொரு மாதமும். எனவே விளக்கு எரியாதவரை புதுப் பற்றரி வேண்டாம். நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

அதே புரோக்கர் சொன்ன 54ஐயும் பாருங்கள். விளக்கு எரிந்த வண்டிக்கும் புதுப் பற்றரி போட்ட வண்டிக்கும் 12 இலட்சம் வித்தியாசம். வாங்க வருகிறவர் பற்றரி விலையை மட்டும் கழிப்பதில்லை. "இன்வேட்டரும் (பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) போயிருக்குமோ" என்ற பயத்துக்கும் சேர்த்துக் கழிக்கிறார். விளக்கு எரிந்துவிட்டால் 520,000 செலவழிப்பதுதான் இலாபம். ஆக, பற்றரியை மாற்றுவதா இல்லையா என்பதைவிட, விளக்கு எரியும் முன் வண்டியை விற்றுவிடுவீர்களா என்பதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். பத்து வருடம் தாண்டிய பற்றரியை நம்பி நான்கு மாதம் காத்திருக்க நான் சொல்லமாட்டேன். முடிந்தால் இந்த மாதமே விலை பேசுங்கள். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றபோது பழைய வண்டிகளுக்கு இருந்த கிராக்கி வேறு. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறந்துவிட்டது. வரி கடுமைதான், ஆனாலும் வாங்குகிறவருக்கு இப்போது வேறு தெரிவுகள் உண்டு.

விளம்பரம் போடும் முன் சில ஆயிரங்கள் செலவழிக்கலாம். பின் சீற்றின் அடியில் பற்றரிக்குக் குளிர்காற்று இழுக்கும் துவாரம் ஒன்று இருக்கிறது. குனிந்து பாருங்கள். தூசியும் பிஸ்கட் உறையும் அடைத்துக்கொண்டு கிடந்தால் பற்றரி சூடேறும், விசிறி இரையும், எஞ்சின் அடிக்கடி எழும்பும். அதைச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் 12 வோல்ட் சின்னப் பற்றரியையும் சோதியுங்கள், அது இளைத்தாலும் கண்டபடி விளக்குகள் எரியும். கடைசியாக நல்ல கராஜில் ஹைபிரிட் ஸ்கேன், அதாவது பெரிய பற்றரியைக் கணினிக் கருவியால் சோதிப்பது. வண்டியை ஓட்டிக்கொண்டே செல்களின் வோல்ட் வித்தியாசத்தைப் பார்க்கச் சொல்லி அறிக்கையை வாங்குங்கள். அறிக்கை நன்றாக இருந்தால் அதைக் காட்டியே 62க்கு மேல் கேட்கலாம். மோசமாக இருந்தால் விளக்கு எரிந்ததாகவே எண்ணி, மாற்றிவிட்டு விற்பதே சரி.

மச்சானின் யோசனைக்கு வருகிறேன். அக்வாவின் பற்றரிக்குள், கராஜ்காரர் செல் என்று சொல்லும் 20 மொடியூல்கள் தொடராக இணைந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம் போவதால் இளைத்த செல்தான் முதலில் வற்றும். ரீபில்ட் என்ற பெயரில் பல இடங்களில் அந்த ஒன்றிரண்டை எடுத்துவிட்டு வேறு பழைய செல்லைச் செருகுகிறார்கள். மற்ற பதினெட்டுக்கும் வயது குறையவில்லையே! நானும் ஒரு பிரியஸில் இரண்டு செல் மாற்றி, "இனிப் பிரச்சினை இல்லை" என்று அந்த கராஜ்காரர் சொன்னதை நம்பினேன். ஐந்தாம் மாதம் கண்டி வீதி ஏற்றத்தில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. ரீபில்ட் என்று சொல்லி விற்றால் தப்பில்லை, ஆனால் அப்படிச் சொன்னால் 66 கிடைக்காது. புதுசு என்று சொல்லி விற்றால், வாங்கியவர் ஆறு மாதத்தில் உங்கள் கேற்றடியில் நிற்பார். வவுனியா அவ்வளவு பெரிய ஊரில்லை, நீங்கள் ஆசிரியர் வேறு.

வாங்க வருகிறவர் பேரத்தில் பற்றரியைக் காட்டி விலையை இறக்கினால் ஒரு வழி இருக்கிறது. குறைக்கும் தொகையை வெளிப்படையாகப் பேசி, மாற்றுவதை அவரிடமே விட்டுவிடுங்கள். தனக்குப் பிடித்த கராஜில் தன் பெயரிலேயே உத்தரவாதம் எடுத்துக்கொள்வார், உங்களுக்கும் பிறகு தொல்லை இல்லை. விளக்கு எரியாதவரை, புதுப் பற்றரி போட்ட விலையான 66இலிருந்து 4 இலட்சத்துக்கு மேல் இறங்காதீர்கள். புதுப் பற்றரிக்கு உங்கள் புரோக்கர் வைத்த மதிப்பே அவ்வளவுதான்.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், பில்லில் வண்டியின் செசி இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள். உத்தரவாதம் அடுத்த உரிமையாளருக்கும் செல்லுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இந்த இரண்டும் இல்லாத பில்லுக்கு வாங்குகிறவர் விலை கூட்டித் தரமாட்டார். கழற்றும் பழைய பற்றரிக்கும் ஒரு விலை உண்டு. உங்களுக்குச் சொன்ன 520,000 அதைக் கழித்த தொகையா, கழிக்காத தொகையா என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.