இங்கிலாந்தில் சொந்த வீடு: ஆளில்லாத நாட்களுக்கும் மின்சார நிலைக்கட்டணம் கட்ட வேண்டுமா?

கேட்டவரின் கேள்வி இது: சென்ற ஆண்டு இங்கிலாந்தில் வீடு வாங்கினேன், மின்சார பில்லில் ‘ஸ்டாண்டிங் சார்ஜ்’ என்று தினமும் ஒரு தொகை ஏறுகிறது, ஊருக்குப் போயிருந்த மாதத்துக்கும் அதே தொகைதான், இது முறைதானா, குறைக்க வழி உண்டா?

கட்டத்தான் வேண்டும். வீட்டில் ஒரு விளக்குகூட எரியாவிட்டாலும் கட்ட வேண்டும். இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இதே கேள்வியை, கையில் பில்லை வைத்துக்கொண்டு, ஓர் இரவு முழுக்க நானே கேட்டிருக்கிறேன். நீங்களும் எங்களைப் போலச் சில ஆண்டுகள் வாடகை வீட்டில், பில்லும் வாடகையோடு சேர்ந்துபோன வீட்டில் இருந்துவிட்டுத்தான் சொந்த வீட்டுக்கு வந்திருப்பீர்கள். அந்த வீட்டில் எவரும் நமக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தருவதில்லை.

நாங்கள் லிவர்பூலில் 2021-ல் வீடு வாங்கினோம். செங்கல் வீடு, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். 2024 ஜூன் கடைசியில் அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. நானும் கணவரும் ஸ்ரீரங்கம் போய் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் அங்கேயே இருந்தோம். புறப்படும் முன் ஃபிரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு துண்டை மடித்து இடையில் வைத்தேன். பாய்லரை அணைத்தேன். கடைசியாக மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியைத் திறந்து மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினேன். பக்கத்திலேயே மீட்டர். பழைய மீட்டர், சுழலும் எண்கள். 18462. அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். எதற்கு எடுத்தேன் என்று கேட்டால், அப்பா ஊருக்குப் போகும்போதெல்லாம் மீட்டரைப் பார்த்து நாட்காட்டியின் ஓரத்தில் எழுதிவைப்பார். அந்தப் பழக்கம்தான்.

திரும்பி வந்தபோது அதே 18462. செப்டம்பர் முதல் வாரத்தில் பில் வந்தது. அதில் 18913 என்று இருந்தது. 451 யூனிட்! எங்கள் விகிதம் யூனிட்டுக்கு ஏறத்தாழ 23 பென்ஸ்; ஆக, எரியாத விளக்குக்கு 104 பவுண்டு. மாதாமாதம் வங்கியிலிருந்து எடுக்கும் தொகையையும் அதையே காரணம் காட்டி உயர்த்தியிருந்தார்கள்.

தொலைபேசியில் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். பேசிய பெண் பொறுமையாகவே பேசினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். “எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஈ’ என்ற எழுத்து இருக்கிறதா, பாருங்கள்” என்றார். இருந்தது. அது உத்தேசக் கணக்கு என்பதன் அடையாளம். எவரும் ரீடிங் தராததால் முந்தைய கோடையைப் பார்த்து அவர்களாகப் போட்ட எண். நான் எடுத்த இரண்டு படங்களையும் அனுப்பினேன். பத்து நாளில் திருத்திய பில் வந்தது. 451 யூனிட் மொத்தமும் போய்விட்டது.

ஆனால் பில் பூஜ்யமாகவில்லை. நிலைக்கட்டணம் அப்படியே நின்றது: மின்சாரத்துக்கு நாளொன்றுக்கு 67 பென்ஸ், எரிவாயுவுக்கு 31 பென்ஸ், 62 நாள். 61 பவுண்டை ஒட்டி வந்தது. நம் பணத்தில் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். பூட்டிய வீட்டுக்கு, மெயின் சுவிட்ச் கீழே கிடந்த வீட்டுக்கு.

நமக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்பதை யோசித்துப் பார்த்தேன். நாம் வளர்ந்தது வேறு கணக்கில். அம்மா 2023-ல் எங்களோடு வந்து ஐந்து மாதம் இருந்தார். ஸ்ரீரங்கம் வீடு பூட்டிக் கிடந்தது. மீட்டர் திண்ணையிலேயே இருக்கிறது; ரீடிங் எடுக்க வருபவர் வந்தார், பார்த்தார், போனார். பில் பூஜ்யம். தமிழ்நாட்டில் அப்போது இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். வீடுகளுக்கு இருந்த சிறு நிலைக்கட்டணத்தையும் 2022 கட்டண மாற்றத்தில் எடுத்துவிட்டார்கள். அங்கே படிக்கட்டு முறை: ஏற ஏற விலை கூடும், 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படியின் விலையும் மாறிவிடும். “ஐந்நூறைத் தொட்டுவிடாதே” என்று அம்மா ஏசியை அணைத்துக்கொண்டே இருப்பார். குறைவாக எரித்தால் குறைவான விலை என்பது நம் கையில் ஊறிய கணக்கு. இங்கே அது நேர் தலைகீழ்.

அம்மா வீட்டு மீட்டரைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் வந்து தொண்டையில் நிற்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்த இணைப்பு இன்றும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. அப்பா போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வாரிசுச் சான்றிதழ் கையில் இருக்கிறது. அம்மா பெயருக்கு மாற்ற ஆட்சேபனை இல்லை என்று அண்ணன் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். ஒவ்வொரு முறையும் “அடுத்த முறை வரும்போது பார்க்கலாம்” என்கிறார். மீட்டர் பெயரை மாற்றினால் வீட்டுப் பங்கே கைவிட்டுப் போய்விடும் என்று அவருக்கு எவரோ சொல்லியிருக்கிறார்கள். மின் இணைப்பின் பெயர் சொத்துரிமை ஆகாது, அண்ணா. இரண்டு மாதமும் ஊன்றுகோலோடு நடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டது நான். அந்த ஒரு கையெழுத்தைக்கூட வாங்க முடியாமல்தான் விமானம் ஏறினேன். இதைப் படிப்பவர்களில் எவராவது அவருக்குத் தெரிந்தவராக இருந்தால் எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, கட்டணத்துக்கு வருகிறேன். நிலைக்கட்டணம் என்ற இந்த நாள்தொகை எதற்கு என்றால், நீங்கள் எரித்த மின்சாரத்துக்கு அல்ல; உங்கள் வீட்டு வாசல்வரை மின்சாரம் வந்து காத்திருப்பதற்கு. கம்பி, துணைமின் நிலையம், மீட்டர், கணக்கு எழுதுபவர் சம்பளம் எல்லாம் அதில் அடக்கம். இதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் நாட்டுச் சராசரி 2022 ஏப்ரலுக்கு முன் 25 பென்ஸை ஒட்டி இருந்தது. அந்த ஏப்ரலிலேயே 45 ஆனது. 2024 ஏப்ரலில் 60. கம்பி இரண்டரை மடங்கு நீண்டுவிடவில்லை. 2021 இலையுதிர் காலத்தில் எரிவாயு விலை தாவியபோது 30-ஐ ஒட்டிய விற்பனை நிறுவனங்கள் வரிசையாக மூழ்கின. அவற்றின் வாடிக்கையாளர்களை வேறு நிறுவனங்கள் எடுத்துக்கொண்ட செலவை நாட்டிலுள்ள எல்லா வீட்டு நாள்தொகையிலும் பரப்பினார்கள். கூடவே, முன்பு யூனிட் விலையில் இருந்த கம்பிச் செலவில் ஒரு பகுதியையும் நாள்தொகைக்கு மாற்றினார்கள். எவரோ நடத்தத் தெரியாமல் நடத்திய கடையின் நஷ்டத்தை, அந்தக் கடைப்பக்கமே போகாத நானும் கட்டினேன்.

இடத்துக்கு இடம் வேறு மாறும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றையும் 14 விநியோகப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் பில்லில் ‘எஸ்’ என்ற எழுத்தோடு ஒரு கட்டம் இருக்கும், அதற்குள் 21 இலக்கம். கீழ்வரிசையின் முதல் இரண்டு இலக்கம்தான் உங்கள் பகுதி. லண்டனுக்கு 12. எங்களுக்கு 13, லிவர்பூல் அடங்கிய மெர்சிசைடும் வட வேல்ஸும் சேர்ந்தது. லண்டனில் இருக்கும் என் சித்தி மகன் அதே 2024 கோடையில் நாளுக்குச் சுமார் 41 பென்ஸ் கட்டினான், நான் 67. லண்டனில் குறுகிய கம்பியை லட்சக்கணக்கான வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. லிவர்பூலும் நெருக்கமான நகரம்தான். ஆனால் வட வேல்ஸ் மலைக்கிராமங்களுக்கு இழுத்த கம்பியின் செலவையும் எங்கள் தெருதான் சேர்ந்து தாங்குகிறது. அந்த ஊர்களுக்கு மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; அதை நாடு முழுவதும் பங்கிட்டால் என்ன என்றுதான் கேட்கிறேன்.

என் கோபத்துக்கு உண்மையான காரணம் என் 61 பவுண்டு அல்ல. பக்கத்து வீட்டுப் பாட்டி. எண்பதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். கண் மங்கிவிட்டதால் செப்டம்பருக்குப் பிறகு அவர் மீட்டரையும் நான்தான் படிக்கிறேன். மாதம் 90 யூனிட் எரிப்பார். 2024 கோடை விலையில் 90-ஐ 23 பென்ஸால் பெருக்கினால் 20 பவுண்டு 70. நாள்தொகை மாதத்துக்கு 20 பவுண்டு 10. பில்லில் ஏறக்குறையப் பாதி. அந்தக் கணக்கில் அவருக்கு ஒரு யூனிட் 45 பென்ஸ் விழுந்தது. தெருக்கோடியில் 400 யூனிட் எரிக்கும் பெரிய வீட்டுக்கு இதே கணக்கைப் போட்டால் யூனிட் 28 பென்ஸ்தான். பாட்டி சமையலறையில் ஒரு விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு கூடத்தில் இருட்டில் உட்கார்ந்திருப்பார். “அணைத்தால் மிச்சமாகும்” என்கிறார். மிச்சமாவது பாதி பில்லில்தான். மறுபாதியை எந்த விளக்கை அணைத்தும் குறைக்க முடியாது என்பதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மின்சார, எரிவாயு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் 2023 கடைசியில் இந்த நாள்தொகையைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்டபோது 30,000-க்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். பலர் பாட்டியைப் போன்றவர்களுக்காகத்தான் எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

உச்சவரம்பு இருக்கிறதே என்பீர்கள். நானும் அதை நம்பித்தான் ஏமாந்தேன். 2019 ஜனவரியிலிருந்து விலை உச்சவரம்பு உண்டு. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது. 2024 ஜூலையில் செய்தித்தாளில் ஆண்டுக்கு 1,568 பவுண்டு என்று போட்டார்கள். அது பில்லின் உச்சவரம்பு அல்ல. ஆண்டுக்கு 2,700 யூனிட் மின்சாரமும் 11,500 யூனிட் எரிவாயுவும் செலவழிக்கும் ஒரு மாதிரி வீட்டுக்கு வரும் தொகை. கட்டுப்பாடு யூனிட் விலைக்கும் நாள்தொகைக்கும்தான். கூடுதலாக எரித்தால் கூடுதலாகவே வரும்.

குறைக்க வழி கேட்டீர்கள். பெரிதாக இல்லை. நாள்தொகையே வாங்காத திட்டங்கள் ஒன்றிரண்டு உண்டு, யூனிட் விலை அதிகம். ஆண்டில் பல மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள், குடும்பமாக இருப்பவர்களுக்குக் கட்டுப்படியாகாது. மற்றபடி, விலை மாறும் நாளுக்கு முந்தைய நாள் ரீடிங்கை நீங்களே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பழைய விலையில் எரித்ததைப் புது விலையில் போட்டுவிடக்கூடும். உத்தேச பில்லை ஒருபோதும் அப்படியே விடாதீர்கள். நிறுவனம் தன் தவறால் பில் போடாமல் விட்டுவிட்டு, 12 மாதத்துக்கு முந்தைய மின்சாரத்துக்கு இப்போது பணம் கேட்டால், வீடுகளிடம் அப்படி வாங்கக் கூடாது என்ற விதி 2018 முதல் இருக்கிறது. புகார் கொடுத்து 8 வாரத்தில் தீராவிட்டால் வாடிக்கையாளர் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் எனர்ஜி ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை.

“பவுண்டில் சம்பாதித்துக்கொண்டு பில்லுக்கு அழுகிறீர்களா?” என்று கருத்துப் பகுதியில் எழுத வருபவர்களுக்கு: என் சம்பளம் மருத்துவமனை ஆய்வகச் சம்பளம், வீட்டுக்கடன் இன்னும் 22 ஆண்டு இருக்கிறது. தமிழ்நாட்டு முறைதான் சிறந்தது என்றும் நான் சொல்லவில்லை. அந்த மின்வாரியத்தின் கடன் எவ்வளவு என்பது எனக்கும் தெரியும். இலவச யூனிட்டின் விலையை அரசு எங்கிருந்தோ கொடுக்கத்தான் வேண்டும். இரண்டு கணக்கிலும் இருந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

கேட்டவரே, உங்கள் பில்லை எடுத்து அந்தக் கட்டத்தின் கீழ்வரிசையில் முதல் இரண்டு இலக்கத்தை மட்டும் இங்கே எழுதுங்கள், முழு எண்ணையும் போட்டுவிட வேண்டாம். ஊருக்குப் போயிருந்த நாட்களையும் சொல்லுங்கள். உங்கள் பகுதியின் தொகையைப் பார்த்து, அவர்கள் போட்டது சரியா என்று நான் கணக்குப் போட்டுத் தருகிறேன்.