கடலில் வரப்பு கிடையாது

அன்புள்ள ஐயா,

அறுகோணக் கட்டம் போட்ட பலகையில் காய்களைப் படைகளாக நகர்த்தி ஆடும் வார்கேம் (போர் ஆட்டம்) பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, லீவுக்கு வந்திருக்கும் அண்ணன் மகனோடு தினமும் பட்டாலையில் உட்கார்ந்து ஆடுகிறேன். தரைப்போரில் ஜெயிப்பது நான். கடற்போரில் நாலு ஆட்டமும் அவனுக்கே. ஆறு கப்பலையும் வரிசையாக ஒட்டி நிறுத்தி வழியை அடைக்கிறேன். அவன் ஓரமாக வந்து கடைசிக் கப்பலை அடித்துவிடுகிறான். எங்கே தப்பு? இன்னொன்று, ஆத்தங்குடிக் கல் சதுரமாகத்தானே இருக்கிறது, தரையிலேயே ஆடலாமே, அறுகோணம் எதற்கு என்று கேட்கிறான்.

நா.மெ., தேவகோட்டை

அன்புள்ள நா.மெ.,

பையன் கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆத்தங்குடிக் கல்லில் ஒரு காயை வைத்து நேராக ஐந்து கல் தள்ளினால் ஐந்து கல் நீளம் போகும். மூலைவாட்டில் ஐந்து தள்ளினால் ஏழு கல் நீளம் போய்விடும். தென்கிழக்கே திரும்பியதற்காக எந்தக் கப்பலும் வேகம் கூடி ஓடாது. அறுகோணத்தில் பக்கத்துக் கட்டம் ஆறும் ஒரே தூரத்தில் இருக்கின்றன. அதற்காகத்தான்.

சரி, உங்கள் வரிசைக்கு வருவோம். தரையில் நீங்கள் ஜெயிப்பதும் கடலில் தோற்பதும் ஒரே பழக்கத்தால். தரைப்போர் ஆட்டங்கள் பலவற்றில் ஒரு படை தன்னைச் சுற்றியுள்ள ஆறு கட்டத்தையும் பிடித்து வைத்திருக்கும், எதிரி அங்கே நின்றே ஆக வேண்டும். அதனால் வரப்பு கட்டுவது போல் அடைக்கலாம். கப்பல் நின்ற தண்ணீர் நமக்குச் சொந்தமாகிவிடாது. அங்கே எண்ண வேண்டியது தூரம்தான்.

உங்கள் ஆட்டத்தில் ஒரு கப்பல் நாலு கட்டம் நகரும், மூன்று கட்டம் சுடும் என்று வையுங்கள். அவன் உங்கள் கடைசிக் கப்பலுக்கு மூன்று கட்டம் தள்ளி, வரிசையின் நேர்க்கோட்டில் வந்து நிற்கிறான். அவனை எட்டுவது அந்த ஒரு கப்பல்தான். அடுத்தது நாலு கட்டம் தள்ளி, ஆறாவது எட்டுக் கட்டம் தள்ளி. ஆறு பேர் இருந்தும் சண்டை ஒருவனுக்கு ஒருவன்தான். ஒன்றை நடுவில் வைத்து ஐந்தைச் சுற்றி நிறுத்திப் பாருங்கள். எந்தப் பக்கம் வந்தாலும் மூன்று நாலு கப்பல் நாலு கட்டத்துக்குள் இருக்கும், ஓர் அடி நகர்ந்தால் எல்லாம் சுடும். ஆடுபுலி ஆட்டத்தில் பின்புள்ளி காலியாக இருக்கும் ஆட்டைத்தானே புலி வெட்டுகிறது? உங்கள் கடைசிக் கப்பல் அந்த ஆடு.

1942 ஏப்ரலில் நம் பக்கத்துக் கடலிலேயே இது நிஜமாக நடந்தது. ஜப்பானியத் தளபதி நகுமோ ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு கொழும்பைத் தாக்க வந்தார். பிரிட்டிஷ் தளபதி சாமர்வில்லின் விமானங்களுக்கு அவ்வளவு எட்டாது. அவர் மாலத்தீவின் அட்டு தீவுத்திட்டில் ரகசியத் தளம் வைத்துக்கொண்டு, பகலில் எதிரி எட்டாத தூரத்தில் விலகி நிற்பது, இரவில் நெருங்கி ரேடார் உள்ள விமானங்களால் டார்பிடோ வீசுவது என்று திட்டமிட்டார். இருவரும் கடைசிவரை நேரில் மோதவில்லை. மூழ்கிய பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மூன்றும் முக்கியப் படையை விட்டுப் பிரிந்து போனவை: கொழும்பிலிருந்து சாமர்வில்லோடு சேரப் புறப்பட்ட கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற குரூசர்கள் இரண்டும் 5ஆம் தேதி, மட்டக்களப்புக்கு அப்பால் விமானமே இல்லாமல் போன ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 9ஆம் தேதி. கொழும்பைக் காக்கிறேன் என்று வரிசை கட்டியிருந்தால் மொத்தப் படையும் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியை (அப்பாவை) பெற்றவர், அந்த வருஷம்தான் ரங்கூன் கடையைப் பூட்டிவிட்டு மணிப்பூர் வழியாக நடந்து வந்து சேர்ந்தார். கடல் வழி அடைபட்டுப்போனது என்பார். உங்கள் வீட்டிலும் யாராவது அப்படி வந்திருப்பார்கள், ஆச்சியிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த ஆட்டத்தில் நாலும் மூன்றும் ஏழு என்று எண்ணி, அவனிடமிருந்து எட்டாவது கட்டத்தில் நில்லுங்கள். அவன் முழுதும் ஓடி வந்தாலும் நாலு கட்டம் தள்ளித்தான் நிற்பான், சுட எட்டாது. அடுத்த முறை உங்களுடையது, ஓர் அடி வைத்துச் சுடலாம். அவனும் இதைக் கண்டுகொண்டு எட்டிலேயே நின்றால், அவன் விட்டுக்கொடுக்க முடியாத துறைமுகத்தை நோக்கி நகருங்கள். அப்புறம் அவன்தான் உங்களிடம் வந்தாக வேண்டும்.