ஹெவி லைசென்ஸுக்கு நிறுவனமே பயிற்சி தருகிறது, சேரலாமா?

கேள்வி: வயது 23. நாமக்கல் பக்கம். லைட் லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகிறது. ஒரு லாரி நிறுவனம் பத்து வாரம் பயிற்சி கொடுத்து ஹெவி எடுத்துத் தருகிறது. பயிற்சியின்போது மாதம் 9,000 ரூபாய். பிறகு சம்பளம் 17,000, வண்டி ஓடும் நாளுக்கு 450 பேட்டா. இரண்டு வருடத்துக்குள் விலகினால் 50,000 கட்ட வேண்டும். ஒரிஜினல் லைசென்ஸையும் கேட்கிறார்கள். மாமாவோ, ‘என் வண்டியில் கிளீனராக வா, ஓட்டிப் பழகு, டிரைவரானால் மாசம் 30,000 பார்க்கலாம்’ என்கிறார். எதில் போவது?

பதில்: நிறுவனத்தில் சேருங்கள் தம்பி. ஆனால் கையெழுத்துக்கு முன் இரண்டு விஷயத்தைப் பேசி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. 17,000 சம்பளத்தில் அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்தால், பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 1,800, இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) சுமார் 128 போக 15,072 கையில் வரும். பேட்டாவைச் சம்பளத்தோடு கூட்டிப் பார்க்காதீர்கள். மூன்று வேளைச் சாப்பாடு, டீ, குளியல் என்று அது வழியிலேயே கரைந்துவிடும். அதை நம்பி பைக் லோன் போடவே கூடாது. மாதம் 15,000தான் உங்கள் வருமானம் என்று வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.

மாமா சொல்லும் 30,000 லோடு கிடைக்கும் மாதத்துக்கு. வண்டி எஃப்சிக்கோ (தகுதிச் சான்று) இன்ஜின் வேலைக்கோ நின்றால் என்ன தருவார் என்று கேட்டுப் பாருங்கள். எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) இல்லாமல் ஸ்டியரிங் பிடித்து விபத்தானால் இன்சூரன்ஸிலும் சிக்கல். அந்த இழப்பு மாமாவின் தலையிலும் விழும்.

இஎஸ்ஐயைச் சின்ன பிடித்தம் என்று நினைக்க வேண்டாம். வேலையில் அடிபட்டு வீட்டில் கிடந்தால், குணமாகும்வரை சம்பளத்தில் 90 சதவீதம் அதிலிருந்து வரும். பிஎஃப்பில் நீங்கள் போடும் 1,800க்கு நிறுவனமும் அதே அளவு போடுகிறது.

இனி அந்த இரண்டு விஷயம். 50,000 என்பது மாதாமாதம் குறைய வேண்டும். 18 மாதம் ஓட்டியவர் கால் பங்கு, அதாவது 12,500 கட்டினால் போதும் என்று எழுதி வாங்குங்கள். வழக்கென்று வந்தாலும், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். எழுதிய முழுத்தொகை தானாகக் கிடைத்துவிடாது. ஒரிஜினல் லைசென்ஸை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். நகல் தருகிறேன், ஒரிஜினல் என் பையில்தான் இருக்கும் என்று பணிவாகச் சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத இடம் வேண்டாம்.

போன வருடம் ஒரு டிரைவர் தன் டிரிப் ஷீட்டை, அதாவது பயணக் கணக்குத் தாளை, என் மேசையில் விரித்தார். டீசல் ஷார்ட் (கணக்குக்கு மேல் செலவான டீசல்) 1,140, சரக்கு ஷார்ட் (குறைந்த சரக்கு) 600, டயர் 850 என்று பேனாவால் எழுதிக் கழித்திருந்தார்கள். எதற்கும் ரசீது இல்லை. கேட்டால் ‘இங்கே வழக்கம்’ என்ற பதில்தான் வந்ததாம். மனுஷன் 12 நாள் வெளியூர் ஓட்டிவிட்டு வந்திருந்தார். அதனால், என்னென்ன பிடிப்பார்கள், மைலேஜ் எத்தனை எதிர்பார்க்கிறார்கள் என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள். அப்புறம், அங்கே ஓட்டும் ஒரு டிரைவரிடம் போன மாத டிரிப் ஷீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

பயிற்சி முடிந்ததும் படிவம் 5 என்னும் ஓட்டுநர் பயிற்சிச் சான்றிதழ் உங்கள் பெயரில் வருமா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஹெவி லைசென்ஸுக்கு அது தேவை. வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிரீமியத்தில் 2 லட்சம் விபத்துக் காப்பீடு தரும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் இந்த வாரமே சேர்ந்துவிடுங்கள். நாமினியாக அம்மா பெயரைப் போடுங்கள்.