பெங்களூரில் நடக்கும் பெண் வலைப்பதிவர் மாநாட்டுக்குத் தமிழில் எழுதுகிற நான் தனியாகப் போகலாமா?

கண்டிப்பாகப் போங்கள். மேடையில் முழுக்க ஆங்கிலமாக இருக்குமே, தமிழில் எழுதுகிறவளுக்கு அங்கே என்ன வேலை என்றுதான் நானும் தயங்கினேன்.

எனக்கு வீடு அல்சூரில். சில வருடங்களுக்கு முன் நான் போன மாநாடு எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு ஹோட்டலில் நடந்தது. மெட்ரோவில் இரண்டே ஸ்டேஷன். நான் எழுதுவது சமையல் வலைப்பூ. அந்தச் சமயம் என் பதிவுகளுக்குப் பின்னூட்டமே வராது. யாரும் படிப்பதில்லை என்று முடிவுகட்டி, மூடிவிடலாமா என்ற யோசனையில் இருந்தேன்.

வாசலில் ஓர் அட்டையும் மார்க்கர் பேனாவும் கொடுத்தார்கள். மேலே நம் பெயர், கீழே வலைப்பூவின் பெயர். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதினார்கள். என் வலைப்பூவின் பெயர் தமிழ், அதனால் தமிழிலேயே எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

மதியம் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது வயதான ஓர் அம்மா என் அட்டையை இழுத்துப் பிடித்துப் படித்தார். மகளுக்குத் துணையாக வந்தவர். "ஏம்மா, அந்த உளுந்தங்களி எழுதினது நீதானா?" என்றார். ஆமாம் என்றேன். "பேத்தி பெரிய மனுஷியானப்ப உன்னோடதப் பாத்துத்தான் கிண்டுனேன். கருப்பட்டி அளவெல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்க. நல்லெண்ணெய் மட்டும் பத்தல, கையில ஒட்டுச்சு. இன்னும் ஒரு கரண்டி சேத்து எழுது."

அந்தப் பதிவுக்கு ஒரே ஒரு பின்னூட்டம்கூடக் கிடையாது. ஆனால் என்னைத் தெரியாத ஒரு வீட்டில், ஒரு பெண்பிள்ளையின் சடங்குக்கு அந்தக் களி வெந்திருக்கிறது. நம் ஊரில் படிக்கிற பெண்களில் பலர் எழுத்தில் பதில் போடுவதில்லை, சமைத்துப் பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவர்களை நேரில் பார்த்தால்தான் உண்டு. அட்டையில் வலைப்பூவின் பெயரைத் தமிழில் எழுதுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

"பெண்களுக்கு எதற்குத் தனி மாநாடு?" என்று கணவர் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2005-ல், 'பெண் பதிவர்களெல்லாம் எங்கே?' என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், கலிபோர்னியாவில் மூன்று பெண்கள் சேர்ந்து 'ப்ளாக்ஹெர்' மாநாட்டைக் கூட்டிக் காட்டினார்கள். நம் நாட்டில் 2012-ல், மும்பை பந்த் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதிய ஒரு பெண்ணையும், அதற்கு லைக் போட்ட அவர் தோழியையும் போலீஸ் கைது செய்தது. அதற்குப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனாலும் பெயரை மறைத்து எழுதுகிற பெண்கள் இன்னும் எத்தனையோ பேர். ஆபாசமாகப் பின்னூட்டம் வந்தால் முதலில் ஸ்க்ரீன்ஷாட் எடு, அப்புறம் அழி என்று அனுபவப்பட்ட ஒருத்தி சொல்லித் தருகிற பேச்சு, எல்லோரும் இருக்கிற கூட்டத்தில் நடக்காது.

மேடைப் பேச்சில் எனக்கு உபயோகப்பட்டது ஒன்றுதான். என் குறிப்பு ஒன்றை ஒரு சமையல் பக்கம் வரிக்கு வரி எடுத்துப் போட்டிருந்தது. நான் எங்கேயும் பதிவு செய்து வைக்கவில்லையே என்று சும்மா இருந்தேன். 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதின உடனே உரிமை நமக்கு வந்துவிடும், பதிவு செய்திருக்க வேண்டியதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சாமான் பட்டியலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, செய்முறையை நம் வார்த்தையில் விவரித்திருக்கிறோமே, அதற்கு உண்டு. தேதியோடு ஆதாரம் வைத்து அந்தத் தளத்துக்குப் புகார் எழுதினேன், எடுத்துவிட்டார்கள்.

பணம் சம்பாதிப்பது பற்றிய அமர்வுகளைத் தவறவிட்டாலும் பரவாயில்லை. சாப்பாட்டு வேளையில் மட்டும் ஃபோனை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிடாதீர்கள்.

அன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கினதும் உளுந்தங்களிப் பதிவைத் திறந்து, நல்லெண்ணெய் அளவில் ஒரு கரண்டி கூட்டினேன்.