கிளிமெபிரைடும் சிறுகுறிஞ்சான் சூரணமும்: முற்பகல் நடுக்கம்

சர்க்கரை நோய்க்குக் கிளிமெபிரைடு மாத்திரை சாப்பிடும் உங்கள் அப்பா, சிறுகுறிஞ்சான் மூலிகைச் சூரணத்தையும் (பொடி) சேர்த்து எடுக்கத் தொடங்கிய பிறகு முற்பகலில் வியர்த்து நடுங்குகிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். சூரணத்தை இன்றே நிறுத்துங்கள். கிளிமெபிரைடு மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம். எழுதித் தந்த மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள்.

சூரணம் தொடங்கிய பிறகு அப்பாவுக்கு முற்பகலில் வரும் வியர்வையும் நடுக்கமும் பெரும்பாலும் தாழ் சர்க்கரைதான். மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சிறுகுறிஞ்சானும் தன் பங்குக்குச் சர்க்கரையை இறக்கும். காலைச் சாப்பாடு தள்ளிப்போனால் கேட்கவே வேண்டாம்.

நடுக்கம் வரும்போதே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையா, இன்னொரு முறை. சூரணம் நாக்கில் பட்டிருந்தால் இனிப்பே தெரியாது, சப்பென்று இருக்கிறது என்பார். பரவாயில்லை, வேலை செய்யும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸ்தான்.

சர்க்கரை அளவுகளை நேரத்தோடு எழுதி, சூரண டப்பாவையும் சேர்த்து, சித்த மருத்துவர், ஆங்கில மருத்துவர் இருவரிடமும் காட்டுங்கள். டப்பாவில் உரிம எண் இல்லையென்றால் கதையே வேறு: அப்படிப்பட்ட பொடிகளில் அலோபதி சர்க்கரை மாத்திரையே கலந்திருந்து பிடிபட்டதுண்டு.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். மருந்தின் வீரியம் உடலில் நீண்ட நேரம் தங்கி, ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கும்.